வேலையை விடாமல் ராணுவ உடை: நர்ஸுக்கும் டாக்டருக்கும் ஒரு வழிகாட்டி

நீலகிரி மாவட்டம் சேரம்பாடியில் எங்கள் எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து சோலாடி செக்போஸ்ட் தாண்டினால் கேரளாவின் வயநாடு. அந்தப் பக்கம் தனியார் ஆஸ்பத்திரிகளில் பன்னிரண்டு வருஷமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். 2024 ஜூலை 30 விடியற்காலையில் சூரல்மலையும் முண்டக்கையும் சரிந்தபோது நான் நைட் ட்யூட்டியில் இருந்தேன். அன்றைக்குச் சேறோடு வந்தவர்களைக் கழுவித்தான் முகம் பார்க்க வேண்டியிருந்தது. முதலில் வந்து இறங்கிய படைகளில் 122-வது இன்பான்ட்ரி பட்டாலியன், டெரிடோரியல் ஆர்மி, மெட்ராஸ் என்று ஒன்று இருந்தது. கோழிக்கோட்டுப் படை. அப்புறம்தான் பெங்களூரிலிருந்து 'தம்பிகள்' என்று எல்லாரும் கூப்பிடும் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் வந்து 190 அடி பெய்லி பாலம் போட்டது. அந்த டெரிடோரியல் ஆர்மி, சுருக்கமாக டி.ஏ., என்றால் என்ன, என்னைப் போல ஒருவன் வேலையை விடாமல் அதில் சேர முடியுமா என்று அன்றைக்குத் தேட ஆரம்பித்தவன்தான், இன்னும் முடியவில்லை.

இதற்குள் எழுத்துத் தேர்வு ஒரு தடவை எழுதி, இன்டர்வியூ தாண்டி, ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. (சர்வீசஸ் செலக்ஷன் போர்டு) வரை போய்த் திரும்பியிருக்கிறேன். என் ஆஸ்பத்திரியில் கேட்கும் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன். எல்லை ஊர்க்காரர்களுக்கு மட்டும் வரும் சிக்கல்களும் சில இருக்கின்றன, அவற்றை யாரும் எழுதுவதில்லை.

முதலில் ஒரு கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்

ராணுவ உடையில் நோயாளியைப் பார்க்க வேண்டுமா, அல்லது நோயாளியைப் பார்க்கும் வேலையை இங்கே வைத்துக்கொண்டு வருஷத்தில் கொஞ்ச காலம் சிப்பாய்களோடு சிப்பாயாக இருக்க வேண்டுமா? இரண்டும் வேறு. வெளிநாட்டுப் படம் பார்த்துவிட்டு, சனி ஞாயிறு ராணுவ ஆஸ்பத்திரியில் டாக்டர், மற்ற நாள் சொந்த கிளினிக் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. நம் நாட்டில் பொது விளம்பரத்தில் அப்படி ஒரு வேலை வருவதில்லை. டி.ஏ.வில் ரயில்வே, ஓ.என்.ஜி.சி., இந்தியன் ஆயில் ஊழியர்களுக்கென்று தனிப் பிரிவுகள் இருப்பதுபோல ஜெனரல் ஆஸ்பத்திரிப் பிரிவுகளும் உண்டுதான், ஆனால் அவை அந்தந்தத் துறைக்குள் இருப்பவர்களுக்கு. வெளியிலிருந்து போகும் நீங்களும் நானும் விண்ணப்பிக்க முடிவது காலாட்படைக்குத்தான். அங்கே எம்.பி.பி.எஸ்., பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபிக்கான பி.பி.டி. எல்லாம் ஒரு டிகிரி, அவ்வளவுதான். உங்களை லெப்டினன்ட் ஆக்கி ஜவான்களை நடத்தச் சொல்வார்கள், ஊசி போடச் சொல்ல மாட்டார்கள்.

இது பிடிக்கவில்லை, எனக்கு என் தொழில்தான் வேண்டும் என்றால் உங்கள் வழி ஷார்ட் சர்வீஸ் கமிஷன். அது பார்ட் டைம் இல்லை, முழு நேரம், ஆனால் ஆயுள் முழுக்க இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தொழிலோடு போகிறவர்களுக்கு

டாக்டர் என்றால் ஆர்மி மெடிக்கல் கோர். எம்.பி.பி.எஸ். முடித்தவர் 30 வயதுக்குள், பி.ஜி. முடித்தவர் 35-க்குள். இன்டர்ன்ஷிப் முடிந்து கவுன்சிலில் நிரந்தரப் பதிவு இருக்க வேண்டும். 2024-லிருந்து நீட் பி.ஜி. மதிப்பெண்ணை வைத்துத்தான் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுகிறார்கள். அந்த வருஷம் 450 இடம், 2025-ல் 400. எஸ்.எஸ்.பி. கிடையாது, டெல்லியில் ஒரு இன்டர்வியூவும் மெடிக்கலும்தான். சேர்ந்தால் நேராக கேப்டன். அடிப்படைச் சம்பளம் 61,300-இல் தொடங்கும், அதற்கு மேல் மிலிட்டரி சர்வீஸ் பே 15,500, அடிப்படையில் 20 சதவீதம் தனியார் பிராக்டிஸ் செய்யாததற்கான படி, அகவிலைப்படி எல்லாம் தனி. முதலில் 5 வருஷம், நீட்டித்தால் மொத்தம் 14 வரை. லக்னோவில் பயிற்சி. எம்.டி. சீட் கிடைக்கவில்லை, அடுத்த வருஷமும் படித்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டுமா என்று திணறும் இளம் டாக்டர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். ஐந்து வருஷம் கழித்து வெளியே வந்தாலும் வயது முப்பதைச் சுற்றித்தான் இருக்கும்.

பல் டாக்டர்களுக்கு ஆர்மி டென்டல் கோர் இருக்கிறது, அங்கே நீட் எம்.டி.எஸ். மதிப்பெண் கேட்கிறார்கள்.

நர்ஸ் என்றால் மிலிட்டரி நர்சிங் சர்வீஸ். பெண்களுக்கு மட்டும். பி.எஸ்சி., போஸ்ட் பேசிக் அல்லது எம்.எஸ்சி. நர்சிங், ஏதாவது ஒரு மாநில கவுன்சிலில் பதிவு, வயது 21-இலிருந்து 35. கம்ப்யூட்டர் தேர்வு, இன்டர்வியூ, மெடிக்கல். லெப்டினன்ட் பதவி. கல்யாணம் ஆனவர்கள் விண்ணப்பிக்கலாமா என்று கேட்காத பெண் கிடையாது. கல்யாணம் செய்துகொண்டதற்காக 1988-ல் ஒரு நர்சிங் அதிகாரியை வெளியே அனுப்பிய வழக்கில் 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அது தப்பு என்று சொல்லி 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அதனால் பயப்படாமல் அறிவிப்பைப் படியுங்கள். என் சித்தி மகள் ஒருத்தி இந்த வழியில்தான் போனாள். தேயிலை பறித்த கைக்குப் பிறந்த பிள்ளை தோளில் நட்சத்திரத்தோடு லைனுக்குள் நடந்து வந்த அன்று எங்கள் வரிசையில் யாரும் வேலைக்குப் போகவில்லை.

ஆண் நர்ஸுக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. இது சரியில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். பாதி வார்டுகளில் ஆண் நர்ஸ் இல்லாமல் நோயாளியைப் புரட்டிப் போட ஆள் கிடையாது, நாங்கள் படிக்கும் பாடமும் அதேதான். அது மாறும்வரை எங்களுக்கு அதிகாரியாக இருக்கும் வழி டி.ஏ.தான்.

டி.ஏ. என்றால் என்ன, எவ்வளவு நாள்

1948-ல் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9-ல் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி தொடங்கிவைத்தார். வேறு வேலையோ தொழிலோ உள்ளவர்கள் வருஷத்தில் கொஞ்ச காலம் வந்து பயிற்சி எடுத்து, தேவைப்படும்போது படையாக நிற்பது என்பதுதான் யோசனை. நமக்குப் பக்கத்தில் கோயம்புத்தூரில் 110, திருச்சியில் 117, நான் சொன்ன கோழிக்கோட்டு 122. நடிகர் மோகன்லால் கௌரவ லெப்டினன்ட் கர்னலாக இருப்பது அந்த 122-இல்தான். நிலச்சரிவுக்குப் பிறகு அவர் சீருடையில் வந்ததை எங்கள் பக்கத்து ஆட்கள் பலர் நேரில் பார்த்தார்கள்.

அதிகாரியாகச் சேர்ந்தால் முதல் வருஷம் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி, வருஷா வருஷம் இரண்டு மாத கேம்ப், முதல் இரண்டு வருஷத்துக்குள் சென்னையில் அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் ஓ.டி.ஏ.வில் மூன்று மாதம். இதுதான் காகிதத்தில் உள்ள கணக்கு. காகிதத்துக்கு வெளியே ஒரு கணக்கு இருக்கிறது. 'எம்பாடி' என்று அவர்கள் சொல்வது, உங்களைப் பயிற்சிக்கோ முழுச் சேவைக்கோ அழைத்துக்கொள்வது. அழைத்தால் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் போகும். 2025 மே மாதம் எல்லையில் சூழ்நிலை மோசமானபோது, 32 டி.ஏ. காலாட்படைப் பட்டாலியன்களில் 14-ஐ அழைத்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு ஆணை போட்டது. 'பார்ட் டைம்' என்ற சொல்லைக் கேட்டு வீட்டில் தைரியம் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் என் மனைவியிடம் முதலில் கேம்ப் கணக்கை மட்டும் சொன்னேன், பின்னால் இது தெரிந்தபோது அவள் மூன்று நாள் பேசவில்லை. கோபம் நியாயமானது.

சம்பளம், பயிற்சியிலோ சேவையிலோ இருக்கும் நாளுக்கு மட்டும். லெப்டினன்ட்டுக்கு அடிப்படை 56,100, கூட மிலிட்டரி சர்வீஸ் பே 15,500. திருப்பி அனுப்பிவிட்டால் ஒன்றும் இல்லை. பென்ஷனும் சேர்ந்தாலே வந்துவிடாது, அதிகாரிக்கு அழைக்கப்பட்ட சேவை மட்டும் கூட்டி 20 வருஷம் வர வேண்டும். ஆகவே வீட்டுக் கடன், நகைக் கடன் எல்லாம் உங்கள் ஆஸ்பத்திரிச் சம்பளத்தில்தான் ஓட வேண்டும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

யார் விண்ணப்பிக்கலாம்

வயது 18-இலிருந்து 42. இதுதான் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வரம், மற்ற கதவெல்லாம் மூடிய பிறகும் இது திறந்திருக்கிறது. ஏதாவது ஒரு டிகிரி. ஏற்கெனவே ராணுவத்திலோ போலீஸிலோ துணைப்படையிலோ இருப்பவர்களுக்கு இல்லை. பெண்களும் விண்ணப்பிக்கலாம், 2018-ல் டெல்லி ஹைகோர்ட் தீர்ப்புக்குப் பிறகு வந்த மாற்றம். ஆனால் இடங்கள் மிகக் குறைவு, 2025 அறிவிப்பில் மொத்தமே 19, அதில் பெண்களுக்கு 1. ஒரு முக்கியமான நிபந்தனை, உங்களுக்கு வருமானம் தரும் வேலை இருக்க வேண்டும். வேலை தேடுகிறவர்களுக்கான இடமில்லை இது.

வேலை இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி

பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். சிறிய நர்சிங் ஹோம்களில் சம்பளத்தைக் கவரில் போட்டுக் கையில் கொடுப்பார்கள், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருக்காது. அப்படி இருந்தால் இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். ஆர்டர், பாங்க் வழியாகச் சம்பளம், பி.எஃப். எண், வருமான வரிக் கணக்கு, இவையெல்லாம் விண்ணப்பத்துக்கு முன் சில மாதமாவது ஓடியிருக்க வேண்டும். சொந்தமாக பிசியோ சென்டரோ கிளினிக்கோ லேபோ வைத்திருப்பவர்கள் ஸ்டாம்ப் பேப்பரில் தொழிலும் வருமானமும் எழுதி உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும், பான் கார்டும் வேண்டும். அவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, கேம்ப் போகும் இரண்டு மாதத்துக்கு யார் சென்டரைப் பார்ப்பார்கள் என்று இப்போதே பேசி வைப்பது. இரண்டு மாதம் ஷட்டர் மூடியிருந்தால் நோயாளி வேறு இடம் பழகிவிடுவார்.

அப்புறம் என்.ஓ.சி., அதாவது வேலை செய்யும் இடம் தரும் தடையில்லாச் சான்று. நான் முன்பு வேலை செய்த ஒரு ஆஸ்பத்திரியில் இதைக் கேட்டபோது, வேலையை விடப் போகிறாயா என்று கேட்டு, அடுத்த மாத ரோஸ்டரில் தொடர்ந்து நைட் போட்டார்கள். இப்போதுள்ள இடத்தில் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேடத்திடம் முதலில் போய் நின்றேன், ஹெச்.ஆரிடம் இல்லை. வருஷத்தில் எந்த இரண்டு மாதம், என் இடத்தில் யார், அவர்களுக்கு நான் எந்த விடுமுறைகளைத் திருப்பிக் கொடுப்பேன் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனேன். கூடவே, ராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டவரை முதலாளி திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று டி.ஏ. சட்டத்திலேயே பிரிவு இருப்பதை மரியாதையாகச் சொன்னேன். மிரட்டலாகச் சொன்னால் வேலைக்கு ஆகாது. "போயிட்டு வா மோனே, ஆனா ஓணத்துக்கு லீவ் கேக்காதே" என்று மேடம் கையெழுத்துப் போட்டார்.

எல்லை ஊர்க்காரர்களின் பேர்ச் சிக்கல்

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில், நர்சிங் பெங்களூரிலோ சித்தூர்ப் பக்கமோ, வேலை கேரளாவில் என்று இருப்பவர்கள் நாம். தமிழ்நாட்டுச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் ஒரு எழுத்து, கர்நாடகா டிகிரியில் அப்பா பேர் முழுசாகப் பின்னால், கேரளா கவுன்சில் பதிவில் வீட்டுப் பேர் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆதாரில் இனிஷியலே இருக்காது. நாலும் நாலு ஆள் மாதிரி தெரியும். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடிதான் பேரும் பிறந்த தேதியும் போட வேண்டும், மற்றதையெல்லாம் அதற்கு இழுத்துக்கொண்டு வாருங்கள். ஆதாரைத் திருத்துவது சுலபம், முதலில் அதை முடியுங்கள். கவுன்சில் பதிவுக்கு அதிக நாள் ஆகும், பல்கலைக்கழகத்துக்கு அதைவிட அதிகம். அதுவரைக்கும் எல்லாப் பேரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

முகவரியும் அப்படித்தான். வீடு இங்கே, ஹாஸ்டல் அங்கே. கடைசியில் போலீஸ் விசாரணை வரும்போது நீங்கள் தங்கிய இரண்டு பக்கமும் கேட்பார்கள், எனவே வாடகை ரசீது, ஹாஸ்டல் சான்று எதையும் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் பக்கத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய, தாத்தாவின் குடும்ப அட்டையும் பாஸ்போர்ட்டும் டிரங்குப் பெட்டியில் இருக்கும். குடியுரிமை பற்றிக் கேள்வி வந்தால் அதுதான் பேசும், லேமினேட் செய்யாமல் ஸ்கேன் செய்து வையுங்கள். சான்றிதழ் வேலைக்கு இந்தப் பக்கம் இ-சேவை மையம், அந்தப் பக்கம் அக்ஷயா, ஒன்றின் காகிதத்தை மற்றதில் கொடுத்தால் எடுக்க மாட்டார்கள், அலைய வேண்டாம்.

தேர்வு

விண்ணப்பம் ஆன்லைனில், கட்டணம் 500 ரூபாய். 2025-ல் மே 12-இலிருந்து ஜூன் 10 வரை வாங்கி ஜூலை 20-ல் தேர்வு வைத்தார்கள். ரீசனிங், சாதாரணக் கணக்கு, பொது அறிவு, ஆங்கிலம் என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் குறைந்தபட்சம் வேண்டும், தப்புக்கு மதிப்பெண் குறைப்பார்கள். ஒரு பகுதியில் கவிழ்ந்தால் மற்றதில் எவ்வளவு எடுத்தும் பயனில்லை. நர்ஸுகளுக்குக் கணக்குதான் விட்டுப்போயிருக்கும். டிரிப் ரேட் கணக்கு தினமும் போடுகிறோம், ஆனால் ரயில் பாலத்தைக் கடக்கும் கணக்கு பத்தாம் வகுப்போடு போனது. பத்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து நைட் ட்யூட்டியில் இரண்டு மணிக்கு மேல் வார்டு அடங்கியதும் ஒரு மணி நேரம் போட்டேன், மூன்று மாதத்தில் வந்துவிட்டது.

எழுத்தில் தேறினால் டி.ஏ. குரூப் தலைமையகத்தில் முதல்நிலை இன்டர்வியூ, நம் தென்மாநிலங்களுக்குப் புனே. ஏன் வருகிறாய், ஆஸ்பத்திரி விடுமா, குடும்பம் ஒத்துக்கொண்டதா, இதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். காகிதத்தையும் பிரித்துப் பார்ப்பார்கள்.

அதற்குப் பிறகு எஸ்.எஸ்.பி., ஐந்து நாள். எனக்குப் பெங்களூரு வந்தது. கூடலூர்ப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டியது, பந்திப்பூர் காட்டு வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், சுல்தான் பத்தேரியிலிருந்து முத்தங்கா வழியும் அப்படியே. இரவில் போக அனுமதிக்கும் ஒன்றிரண்டு அரசு பஸ்ஸை நம்பாமல் முந்தின நாள் பகலிலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

முதல் நாளே ஒரு வடிகட்டல். மங்கலான படம் ஒன்றை அரை நிமிஷம் காட்டுவார்கள், நாலு நிமிஷத்தில் கதை எழுதி, பிறகு குழுவாக உட்கார்ந்து பேச வேண்டும். நான் திரும்பியது இங்கேதான். கதை நன்றாகத்தான் எழுதினேன், குழுவில் பதினான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தியபோது வாயைத் திறக்கவில்லை. வார்டில் பெரிய டாக்டர் பேசும்போது நர்ஸ் பேசக்கூடாது என்று வருஷக்கணக்கில் பழகிய வாய் அது. இந்தப் பழக்கம் நம் தொழிலில் ஆழமாக இருக்கிறது, போகும் முன் உடைத்தே ஆக வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து வாரம் இரண்டு தடவை ஏதாவது செய்தியைப் பற்றி ஆங்கிலத்தில் பேசிப் பழகுங்கள்.

அடுத்த நாட்களில் வரும் எழுத்துச் சோதனைகளிலும் இது தலைகாட்டும். அரை மணி நேரத்தில் 60 சூழ்நிலைகளுக்குப் பதில் எழுதச் சொல்வார்கள். வழியில் விபத்து, நீங்கள் தனியாக இருக்கிறீர்கள், என்ன செய்வீர்கள் என்பது மாதிரி. 'மேலதிகாரிக்குத் தெரிவிப்பேன்' என்றுதான் நமக்கு முதலில் கை எழுதும். ரத்தத்தை நிறுத்துவேன், மூச்சுப்பாதையைப் பார்ப்பேன், ஜீப்பை நிறுத்தி ஏற்றுவேன், பிறகு தெரிவிப்பேன் என்று, நிஜமாகவே நாம் செய்வதை எழுத வேண்டும். நம்மிடம் அந்த அனுபவம் மற்றவர்களைவிட அதிகம், எழுதத்தான் கூச்சம்.

உடம்பு

மெடிக்கல் போர்டு ராணுவ ஆஸ்பத்திரியில். எட்டு மணி நேரம் நிற்கும் தொழில் நமக்கு, காலில் நரம்பு சுருண்டிருந்தால் அங்கே நிறுத்திவிடுவார்கள். தட்டைப் பாதம், முட்டி உரசல், காதில் அழுக்கு, எடை, கண் பார்வை எல்லாம் பார்ப்பார்கள். உங்கள் ஆஸ்பத்திரியிலேயே சர்ஜனிடமும் இ.என்.டி.யிடமும் முன்கூட்டியே காட்டிக்கொள்ளுங்கள், ஒரு ரூபாய் செலவில்லை. நைட் முடிந்து வந்து தூங்குவதற்கு முன் நாற்பது நிமிஷம் நடையும் ஓட்டமுமாக எஸ்டேட் ரோட்டில் போனேன். இந்தப் பக்கம் யானை நடமாட்டம் இருப்பதால் வெளிச்சம் வந்த பிறகுதான்.

சீருடை இல்லாமலும் இரண்டு வழி

முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.ஹெச்.எஸ். பாலிகிளினிக்குகள் 2003-இலிருந்து நடக்கின்றன, கோவையிலும் பாலக்காட்டிலும் வேலூரிலும் இருக்கின்றன. டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட், லேப் டெக்னீஷியன் என்று ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள், முன்னாள் படைவீரர்களுக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் வெளியாட்களும் எடுபடுகிறார்கள். நர்சிங், பார்மசி கல்லூரியில் ஆசிரியராக இருந்தால் அங்கே என்.சி.சி. இருக்கிறதா என்று பாருங்கள், என்.சி.சி. அதிகாரியாகப் பயிற்சி எடுத்து கல்லூரி வேலையோடு அதையும் பார்க்கலாம். வருஷத்தில் இரண்டு மாதம் வீட்டை விட முடியாதவர்களுக்கு இதுதான் ஏற்றது.

எனக்கு இப்போது 39 வயது, இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் என்.ஓ.சி.யைப் புதிதாகக் கேட்டுவிட்டேன். போன தடவை அது ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போகவே ஐந்து வாரம் எடுத்தது, விண்ணப்பம் திறந்திருந்ததோ ஒரு மாதம்.